நாலு பேராக வாசித்தவர்

வார்த்தை உள்ள பாட்டை அவர் வாசிக்கமாட்டார். கல்யாண வீட்டில் யாராவது வந்து சினிமாப் பாட்டு கேட்டால், கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நங்கோனா என்கிற வேர்ப்பானம் கலக்கிக் குடிக்கிற பந்தலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டவர் கோபித்துக்கொண்டு போன பிறகுதான் திரும்பி வருவார். ஒருமுறை நான் காரணம் கேட்டேன்.

"எந்த பாஷையிலே பாடறது, சொல்லு தம்பி. தமிழு எங்கப்பனோட போச்சு. இந்திலே பாட நான் பம்பாய்க்காரன் இல்லே. இங்கிலீசு வெள்ளக்காரனோடது. கிட்டாருக்கு பாஷை கெடையாது பாரு, அது பாட்டுக்கு அழுவும்."

பெயரை எழுத வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டார். அண்ணி என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். ஆகவே இங்கே கிட்டார் வாசித்தவர் வெறும் 'அவர்'தான். ஃபிஜித் தீவில், பா நகரத்துச் சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். குட்டையான, ஒல்லியான ஆள். மோட்டார் எண்ணெய் ஏறிய விரல்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கரும்பு வெட்ட மதராசிலிருந்து வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை, எங்கள் எல்லோரையும் போல.

அவர் இளைஞனாக இருந்தபோது, பாடகன் இல்லாமல் நாலு பேர் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு மின்சாரக் கிட்டார் வாசிக்கிற குழுக்கள் உலகமெங்கும் இருந்தனவாம். குகைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலி வைத்து, தந்தி நடுங்க நடுங்க வாசிப்பார்கள். நாங்கள் குழு சேர்ந்தபோது உலகம் அதையெல்லாம் மறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அவர் மட்டும் அதே தினுசில் புதுப் புது மெட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார். நேற்று போட்ட மெட்டு என்றாலும் கேட்பவருக்கு எங்கோ சின்ன வயதில் கேட்டது போல இருக்க வேண்டும் என்பார். அப்படித்தான் இருக்கும்.

நாங்கள் நாலு பேர். அவர் முதல் கிட்டார். நான் அவருக்குத் துணையாகத் தாளக் கிட்டார். பகலில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். டிரம் அடித்தவன் முனுசாமி, தங்கச் சுரங்கத்தில் மெக்கானிக். பேஸ் கிட்டார் வாசித்தவன் செமி. செமி ஃபிஜிக்காரன், இந்த மண்ணின் ஆள். ஆற்று முகத்துவாரத்தில் அவனுடைய கிராமம். ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம். எங்களோடு ஊர் இந்தியில்தான் பேசுவான். அவன் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சட்டைகள் அண்ணி தைத்தவை. அரக்கு நிறம், காலரில் வெள்ளைக் கரை. நாலு சட்டையும் ஒரே துணியில் வெட்டியது. செமியின் சட்டைக்கு மட்டும் துணி போதாமல் முதுகில் ஒட்டுப் போட்டிருந்தார்.

வரி இல்லாத சாமான் விற்கிற கடையில் அவர் வீடியோ கேமரா வாங்கியபோது நாட்டில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. டெக் வைத்திருக்கிறவர்கள் வாடகைக்கு டேப் எடுத்துப் படம் பார்ப்பார்கள். அந்த டிவிப் பெட்டிக்குள் நாங்களே வந்து நின்றால் எப்படியிருக்கும் என்பது அவருக்கு ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு படம். முதலில் மெட்டைக் கேசட்டில் பதிவு செய்வோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை கேரியர் என்கிற சின்ன லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்காவது போவோம். ரயில் பாதையோரம், ஆலைப் புகைபோக்கிக்குக் கீழே, ஆற்றுப் பாலம். கேசட்டை ஓடவிட்டு அதற்கு ஏற்றபடி வாசிப்பது போல் நிற்போம். கேமராவை அவரே செய்த மர முக்காலிமேல் வைத்து, என்ன தெரிய வேண்டும் என்று அண்ணிக்குக் காட்டிவிட்டு ஓடி வந்து எங்களோடு நின்றுகொள்வார். பொத்தானை அமுக்குவது அண்ணி.

ஏதாவது ஒன்று கெடும். ஆடு குறுக்கே வரும். முனுசாமி தும்முவான். பஸ்ஸில் போகிறவர்கள் கையசைத்துக் கூச்சலிடுவார்கள். அவர் ஒருநாளும் கோபித்தது இல்லை. "மறுபடி எடுத்துக்கலாம்," என்பார். அவ்வளவுதான். முனுசாமி ஒருநாள் குடித்துவிட்டு வந்து டிரம்மோடு சாய்ந்து விழுந்தான். தோல் கிழிந்துவிட்டது. அவனை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அதையேதான் சொன்னார். கடையில் ஓர் எண் தப்பாக எழுதினால் முதலாளியிடம் நாள் முழுக்க வசவு வாங்குகிறவன் நான். எது கெட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று ஒரு மனிதர் நம்புவது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவரோடு இருக்கும்போது எதுவும் முடிந்துபோனதாகத் தோன்றாது.

தவுவா போகிற சாலையில் ஒரு மேடு உண்டு. அங்கிருந்து பார்த்தால் கரும்புக் காடு, அதற்கப்பால் கடல், கடலில் ஒன்றிரண்டு தீவு. அந்த இடத்துக்கென்றே ஒரு மெட்டுப் போட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு தடவை எடுத்தோம். காற்று, மேகம், என்னுடைய வார் அறுந்தது, ஏதோ ஒன்று. பன்னிரண்டாவது தடவை எதுவும் கெடவில்லை. தூரத்திலிருந்து நாலு பேரும் முழு உருவமாக, புல்லுக்குள் நிற்கிறோம், பின்னால் கடல். அவர் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது போதும்," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை ராணுவம் பாராளுமன்றத்துக்குள் புகுந்து அரசாங்கத்தைப் பிடித்துவிட்டது.

இரும்புக் கடை வானொலியில் கேட்டோம். முதலாளி எழுந்து போய்க் கதவுகளை இழுத்து மூடினார். தெருவில் ஒவ்வொரு கடையாகக் கதவு விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் இந்திய வம்சத்து ஆட்கள் நிறைய இருந்த அரசாங்கம் அது. ராணுவமோ பெரும்பாலும் ஃபிஜிக்காரர்கள். வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த சில நாட்கள் யாரும் வெளியே வரவில்லை. எந்த ஊரில் எந்தக் கடையை உடைத்தார்கள், யாரை அடித்தார்கள் என்று தினம் ஒரு செய்தி.

ஞாயிற்றுக்கிழமை அவர் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படத்தின் தொடக்கத்தில் வைக்க வெறும் சாலை மட்டும் வேண்டுமாம். ஆளில்லாத சாலை இன்றைக்கு மாதிரி என்றைக்குக் கிடைக்கும் என்றாராம். அண்ணி வாசலை மறித்து நின்றிருக்கிறார். ரோடு என்னை இன்னா பண்ணும் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போய்விட்டார்.

மேட்டுக்கு முன்னால் சாலையை மறித்து ராணுவத்தினர் நின்றிருந்தார்கள். செமியும் நின்றிருந்தான். அவன் பெயர் சேமப் படையில் இருந்ததால் கூப்பிட்டுச் சீருடை கொடுத்திருந்தார்கள். வேறொரு சிப்பாய் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, எதற்குப் படம் எடுக்கிறாய், யாருக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்டிருக்கிறான். பாட்டுக்கு என்றிருக்கிறார். எந்தப் பாட்டு, பாடு பார்க்கலாம் என்றானாம். பாட்டில் வார்த்தை இல்லை என்று சொன்னதற்கு ஓர் அறை. பிறகு கையைத் தலைமேல் வைத்து வெயிலில் உட்காரவைத்துவிட்டார்கள், பொழுது சாய்கிற வரைக்கும்.

"செமி ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"அவன் கடலையே பாத்துக்கினு இருந்தான்," என்றார். "பாவம்."

ஒன்பது நாள் கழித்துச் செமி அவர் வீட்டுக்கு வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். கேமராவை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். மேஜைமேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றான்.

"அண்ணே, உள்ளே இருந்த மேட்டு டேப்பை நான் எடுத்து ஆத்துலே போட்டுட்டேன்," என்றான். "அவங்க போட்டுப் பார்த்திருப்பாங்க. அதுலே நான் இருந்தேன். உங்களோட, ஒரே சட்டையிலே."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் கேமராவைத் துணியிலிருந்து பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, மூடியைப் போட்டார்.

"மறுபடி எடுத்துக்கலாம்," என்றார்.

செமி தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து தன்னுடைய அரக்குச் சட்டையை எடுத்து, மடித்தது மடித்தபடி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அவர் சட்டென்று கத்தியிருந்தால், ஒரு வசவு வைதிருந்தால், செமி திரும்பி வந்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். மன்னிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை, நடந்ததையே நடக்காததாக ஆக்கிவிட்ட மனிதரிடம் அவன் என்ன செய்ய முடியும்? அதன்பிறகு அவன் வரவில்லை.

ஊர் காலியாகத் தொடங்கியது அப்போதுதான். டாக்டர்கள், வாத்தியார்கள், வக்கீல்கள் முதலில் போனார்கள். பிறகு கையில் ஏதாவது தொழில் இருந்த எல்லோரும். முனுசாமிக்குக் கனடாவில் அக்கா இருந்தாள், கிறிஸ்துமஸுக்குள் போய்விட்டான். அவர் ஒவ்வொருவரையும் விமான நிலையம் வரை போய் வழியனுப்பினார், ஏதோ அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களை அனுப்புவது போல. கண்கலங்குகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு நிஜமாகவே புரியாது.

எனக்கும் ஆக்லாந்துக்குக் காகிதம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை விமானம். அடுத்த நாள் மேட்டில் படம் எடுக்கலாம், இருக்கிற இரண்டு பேரை வைத்து எடுப்போம், மற்றவர்கள் வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டினேன். சனிக்கிழமை காலை மனைவியோடு, விமான நிலையம் இருக்கிற நாந்திக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஆலை வாசலைத் தாண்டும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். பின்னால் கேமராவின் முக்காலி கட்டியிருந்தது. பழுது பார்க்க எடுத்துப் போயிருப்பார், மறுநாளைக்கு. நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். பஸ் நகரம் தாண்டுகிற வரை நிமிரவில்லை. மனைவி என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு டேப்பும் இந்தியும் தமிழும் கலந்து ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு துண்டுக் காகிதமும். 'தம்பி, உன் சட்டை இங்கே இருந்தது. போட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டு எழுது.' அவ்வளவுதான். விட்டுவிட்டுப் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்றைக்கு வீட்டில் ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். எல்லோருமாகப் போட்டுப் பார்த்தோம். சாலை வருகிறது. பிறகு கிட்டார். அவர் தன் சட்டையில் நின்று முதல் கிட்டார் வாசிக்கிறார். அடுத்த காட்சியில் டிரம்முக்குப் பின்னால் ஒருவர் தலையைக் கோழி மாதிரி வெட்டி வெட்டி அடிக்கிறார். முனுசாமி என்று நினைத்தேன். அவர்தான். பிறகு பேஸ் கிட்டாரோடு ஒருவர். தொளதொளவென்ற சட்டையில், உயரத்துக்காகப் பெட்டியின்மேல் ஏறி நிற்பது கீழே தெரிகிறது. அதுவும் அவர். கடைசியில் நான் வந்தேன். தோளைச் சரித்துக்கொண்டு, தாளம் மாறுவதற்கு முன்னால் உதட்டை நக்கிக்கொண்டு. அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. என் மனைவி கையைக் கொட்டிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி போடச் சொல்லி, மறுபடி போடச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

எல்லாப் பகுதிகளையும் அவரே வாசித்து இரண்டு கேசட் பெட்டிகளை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தார். இரண்டு டெக்குகளை இணைத்துப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார். நாலு பேரும் ஒன்றாகத் தெரிகிற காட்சி மட்டும் இல்லை. அதை எப்படி எடுப்பது?

வருடத்துக்கு ஒரு டேப் வந்தது. இரண்டாவதற்குச் சிரிப்பு குறைந்தது. மூன்றாவதை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் அவருக்கு வயதாகிக்கொண்டு வந்தது. அதனால் எங்கள் நாலு பேருக்கும் வயதாகிக்கொண்டு வந்தது. நான் இங்கே வந்த நாலாம் வருடம் மரம் அறுக்கிற ஆலையில் ரம்பம் இழுத்து என் இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. கிட்டார் முடிந்தது. அதை அவருக்கு எழுதவில்லை. உண்மையில் எதையுமே எழுதவில்லை. மொத்தத்தில் இரண்டு கடிதம் போட்டிருப்பேன். பிறகு வந்த பொட்டலங்களைப் பிரிக்காமலே கராஜில் வைத்தேன். பிரித்தால் உள்ளே நான் இருப்பேன், பத்து விரலோடு.

புது நூற்றாண்டு பிறந்த வருடம் மறுபடியும் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் போனார்கள். அதே சமயத்தில் அவர் வீடு இருந்த நிலத்தின் குத்தகையும் முடிந்தது. நிலத்துக்காரர்கள் நீட்டிக்கவில்லை. மகள் பிரிஸ்பேனில் இருந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் அனுப்பினாள். அண்ணி மட்டும் போனார். அங்கே போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார்.

"கெளம்பற அன்னிக்குப் புதுப் பொடவை கட்டிக்கினு முத்தத்துலே வந்து நின்னேன் தம்பி. என்னை ஒரு படம் எடுங்கன்னேன். இத்தினி வருசமா பொத்தானை அமுக்கினது நானு. ஒரு டேப்புலயாவது நான் இருக்கேனா? பேட்டரியிலே சார்ஜ் இல்லே, மறுபடி எடுத்துக்கலாம்னாரு."

அண்ணி தொடர்ந்தார்.

"போவாதேன்னு ஒரு வார்த்த சொல்லலே. வரேன்னும் சொல்லலே. அங்கே யாராச்சும் திரும்பி வந்தா, ஆள் இருக்கணுமாம்."

இரண்டு வருடம் கழித்து ஊரில் என் அம்மா செத்துப் போனாள். காரியத்துக்குப் போனேன். கரும்பு நின்ற இடமெல்லாம் புல்லும் முள்ளுமாகக் கிடந்தது. எங்கள் தெருவில் விளக்கெரிந்த வீடுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர் நகரத்தில் ஒரு தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். ஆலையிலிருந்து ஓய்வு கொடுத்திருந்தார்கள். கதவைத் தட்டினேன். திறந்து பார்த்தவர், நான் முந்தாநாள்தான் போனவன் போல, "வந்துட்டியா, உள்ள வா," என்றார்.

சுவரில் நீலப் படுதா. கேமரா முக்காலிமேல் நின்றது. மூன்று சட்டைகள் ஆணியில் தொங்கின. நாலாவது அவர் உடம்பில். அண்ணியைப் பற்றி, மகளைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மேட்டு மெட்டை இன்னும் முடிக்கவில்லை என்றார். நான் வந்துவிட்டதால் இரண்டு பேர் ஒன்றாக நிற்கிற காட்சியை இன்றைக்கே எடுத்துவிடலாமாம். என் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் கையைக் காட்டினேன்.

என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மோட்டாரைப் பார்ப்பது போல. எங்கே, எப்போது, வலித்ததா என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"பரவால்லே. ஒன் வாசிப்ப நான் பதிஞ்சு வெச்சிருக்கேன். நீ சும்மா நில்லு," என்றார்.

சட்டை வயிற்றில் இறுக்கியது. போட்டுக்கொண்டு நின்றேன். கேசட்டில் நான் வாசித்தேன், அதாவது அவர் நானாக வாசித்தார். நான் மொட்டை விரல்களைத் தந்திமேல் நகர்த்திக்கொண்டு வாசிப்பது போல் நடித்தேன். பக்கத்தில் அவர் நின்று, என் பக்கம் ஒரு தரம் திரும்பிச் சிரித்தார். என் ஆயுளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த மூன்று நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. முடிந்ததும் அவர் என்னைத் திட்ட வேண்டும், அல்லது கட்டிக்கொள்ள வேண்டும், இரண்டில் ஒன்று நடக்கும் என்று நினைத்தேன்.

டேப்பைப் பின்னுக்கு ஓட்டி டிவியில் போட்டார். இரண்டு பேரும் பார்த்தோம். தொந்தியும் நரையுமாக ஒருவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவர் அதை நிறுத்திவிட்டுப் பழைய டேப் ஒன்றைப் போட்டார். அவர் நானாக நிற்கிற காட்சி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார்.

"இல்ல தம்பி," என்றார். "நான் ஒன்ன மாதிரி நின்னேனே, அந்த ஆளுதான் சரியா இருக்கான்."

குத்திக் காட்டவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. மெட்டுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்துச் சொன்னார். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதை வாங்கிக் கசங்கலை நீவி ஆணியில் மாட்டினார். பிறகு எனக்கு டீ போட்டார். சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்காமலே சரியாகப் போட்டிருந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுபடி எடுத்துக்கலாம் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

அதற்கு மூன்றாம் வருடம், லௌதோக்கா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகள் போன் செய்து சொன்னாள். போகலாமா என்று மனைவி கேட்டாள். விடுப்புக் கிடைக்காது என்றேன். நான் விடுப்புக் கேட்கவே இல்லை. முனுசாமியும் கனடாவிலிருந்து போகவில்லை. அண்ணியும் மகளும் போய்க் காரியம் முடித்துத் திரும்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. இந்தியில் ஒரு கனத்த குரல், பெயர் சொல்லி என்னைக் கேட்டது. செமி. அண்ணியிடம் எண்ணை வாங்கியிருக்கிறான். இத்தனை வருடத்தில் அவனுக்கு ஒரு கடுதாசி போட எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனானாம். அவர் பார்த்தாராம். பேச்சு வரவில்லை. காலைக் கொஞ்சம் ஒதுக்கி, கட்டிலில் உட்கார இடம் விட்டாராம். அன்றைக்கு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் போனபோது கட்டில் காலி. அண்ணி வந்து சேரும்வரை, அவனும் அவனுடைய கிராமத்து ஆட்கள் சிலரும் பாய் கொண்டு போய் விரித்து, உடலோடு இருந்திருக்கிறார்கள், அவர்கள் வழக்கப்படி.

"பதினெட்டு வருஷம் ஒரே ஊர்லே இருந்தோம்," என்றான் செமி. "மார்க்கெட்லே பார்ப்பேன். பஸ் ஸ்டாண்ட்லே பார்ப்பேன். நான் அந்தப் பக்கம் போயிடுவேன். அவர் கூப்பிடுவார்னு நினைப்பேன்."

அப்புறம் கேட்டான்:

"டேப்பெல்லாம் வெளிநாட்டுக்குத்தானே அனுப்பினார். நான் ஒண்ணும் பார்த்ததில்லே. அதுலே என்னையும் போட்டிருக்கார்னு சொல்றாங்க. நான் எப்படி இருக்கேன்?"

கராஜில் பத்துப் பன்னிரண்டு டேப் பிரிக்காமல் கிடந்தது. பார்த்த வரைக்கும் நினைத்துப் பார்த்தேன்.

"கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கிறே," என்றேன். "சிரிச்சுக்கிட்டே."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதன் அழுவது கேட்டது. ஏதோ சொல்லத் தொடங்கினான். அதற்குள் அவனுடைய போன் கார்டு தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது. எந்த எண்ணிலிருந்து பேசினான் என்பது எனக்குத் தெரியாது. அண்ணியிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அவன் மறுபடி அழைக்கவும் இல்லை.